கட்சியில்லாதவளின் வாக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்துவிட்டு வைத்த பிறகு குசினிக்குள் போய்ச் சோற்றை வடித்தேன். சாப்பிட மனம் வரவில்லை, அப்படியே மூடிவைத்துவிட்டேன். நீ பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் உங்கள் ஊரில் இனி ஒரு முதற்கட்டத் தேர்தல் வருகிறது என்றாய். பெரிய தேர்தலில் தனக்காக யார் நிற்பது என்பதை ஒவ்வொரு கட்சியும் அதில்தான் தெரிவு செய்யுமாம். எந்தக் கட்சியிலும் பதியாத உன்னைப் போன்றவர்களும் ஏதாவது ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கிப் போடலாமாம். "அப்ப போய்ப் போடன் ராசா" என்றேன். "எனக்கென்ன வேலை அம்மா? அது அவையின்ர வீட்டுப் பிரச்சினை. இஞ்ச எப்பவும் ஒரே கட்சிதான் வெல்லுறது. அதோட நான் எந்தக் கட்சியின்ர சீட்டை எடுத்தனான் எண்டு பதிவில நிக்குமாம். இப்ப இருக்கிற நிலைமையில ஏன் சும்மா பேரைக் குடுப்பான்?" என்றாய். "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு உன் பிள்ளையின் சளியைப் பற்றிக் கேட்டேன். நான் சொன்ன அந்த "ஓம்" தான் என்னைச் சாப்பிடவிடவில்லை.

உனக்குச் சொல்ல இரண்டு விசயங்கள் இருக்கின்றன. இரண்டையும் தொலைபேசியில் சொல்ல என்னால் முடியாது. உன் மூச்சுச் சத்தம் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டால் உன் தேர்தலுக்கு முன்னர் கைக்கு வந்துவிடும் என்று தபால்கந்தோரில் சொன்னார்கள். பொறுமையாகக் கடைசிவரை படி.

முதலாவது, போன பிரதேச சபைத் தேர்தலுக்கு முன்னர் இங்கே நடந்தது. எங்கள் வட்டாரத்தில் எந்தக் கட்சி வெல்லும் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சின்னத்தில் ஒரு தடியை நட்டாலும் வெல்லும். அந்த முறை கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் அந்த இடத்தைக் கேட்டார்கள். ஒருவர் மண் ஏற்றும் டிப்பர் வைத்திருக்கும் பாலேந்திரன். மற்றவள் முன்பள்ளியில் படிப்பிக்கும் யோகராணி. எங்கள் வாய்க்காலின் கடைசியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன அல்லவா, அவர்களில் ஒருத்தி. நீ இங்கிருந்து போகும்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பாள். கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமாக நின்று பிடுங்குப்பட்டதில் மேலிடத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. வட்டாரத்து வாக்காளர்களே தெரிவு செய்யட்டும், கட்சியில் இல்லாதவர்களும் வந்து வாக்குப் போடலாம் என்று. இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்ததாக நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. நீ உன் ஊர்த் தேர்தலை விளக்கியபோது எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியதற்குக் காரணம் அதுதான்.

யோகராணி கேட்டது ஒரேயொரு விசயம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பெரிய வீதிக்குப் போவதென்றால் வாய்க்காலுக்கு மேலுள்ள மதகைத் தாண்டித்தான் போகவேண்டும். டிப்பர்கள் மண் ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் அதற்கு மேலால் ஓடி ஓடி மதகு ஒரு பக்கம் இறங்கிப்போயிருந்தது. மதகைத் திருத்தும்வரை அந்தப் பாதையில் டிப்பர் ஓடக்கூடாது என்பதுதான் அவளுடைய பேச்சு முழுவதும். ஒருநாள் பின்னேரம் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில்தான் இருந்தாள். "டீச்சர், நீங்க எந்தக் கட்சியும் இல்லைன்னு தெரியும். அதனாலதான் வந்தேன். நீங்க வந்தா உங்க பின்னால அஞ்சாறு பொம்பளைங்க வருவாங்க. அவங்க எங்களை நம்ப மாட்டாங்க, உங்களை நம்புவாங்க" என்றாள். வாறன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு நாளால் பாலேந்திரனும் வந்தான். அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோவில் கூரை காற்றில் போனபோது தன் ஆட்களைக் கொண்டுவந்து போட்டுத் தந்தவன். அவன் என்னிடம் வாக்குக் கேட்கவில்லை. "ரீச்சர், நீங்கள் பொது ஆள். நாலு சனம் மதிக்கிற ஆள். இந்தக் கட்சிச் சேத்துக்குள்ள ஏன் கால வைக்கிறியள்? பெரிய தேர்தலுக்கு வந்து உங்கட விருப்பத்துக்குப் போடுங்கோ. இதுக்குள்ள வராதேங்கோ" என்றான். உண்மையைச் சொல்கிறேன் தம்பி, அது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடமும் எந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கும் போகாமல், யாருடைய துண்டுப்பிரசுரத்தையும் வாசலுக்குள் எடுக்காமல் இருந்தவள் நான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். வாய்க்கால் கடைசியிலிருக்கும் ஒருத்தி எங்களுக்கு மெம்பராக வருவதா என்ற நினைப்பும் உள்ளே எங்கோ கிடந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இருந்தது.

இருந்தும் அந்தக் காலையில் நான் போனேன். சனசமூக நிலையத்தில்தான் வாக்கெடுப்பு. எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சரசு, அவளுடைய மகள் கவிதா, இன்னும் மூன்று பெண்கள். கவிதாவுக்கு அப்போது இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, வெயிலுக்குள் நிற்க முடியாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நின்றாள். உள்ளே ஒரு மேசை, அதற்குப் பின்னால் கட்சிக்காரர் ஒருவர், அவருக்கு முன்னால் ஒரு கொப்பி. "ரீச்சர், முழுப் பேர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எழுதி ஒரு கையெழுத்து வையுங்கோ. அதுக்குப் பிறகு வாக்குத் துண்டு தருவம்" என்று பேனையை நீட்டினார். கொப்பியில் எனக்கு முன் வந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பேனையை வாங்கினேன். கை எழுத மறுத்தது. விறைத்துப்போய் நின்றது. "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன். கண்ணாடி என் கைப்பைக்குள்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சரசு, "ஏன் ரீச்சர்? என்ன நடந்தது?" என்று கேட்டாள். "உதுக்கெல்லாம் பேர் எழுதக்கூடாது சரசு. அவையின்ர பிரச்சினையை அவையே பார்க்கட்டும்" என்றேன். ஆறு பேரும் திரும்பி வந்தோம். யோகராணி மறுபக்கத்தில் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. நானும் அந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை.

அவள் மூன்று வாக்கால் தோற்றாள். ஆறு பேரும் அவளுக்கே போட்டிருப்போம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் போட்டிருக்கலாம். பெரிய தேர்தலன்று நேரத்துக்கே போய் வரிசையில் நின்றேன். அங்கே அலுவலர் என் பெயரை வாக்காளர் இடாப்பில் பார்த்து வாசித்தார், நான் எழுதவேண்டியிருக்கவில்லை. அது எனக்குப் பழக்கம். வாக்குச்சீட்டில் எத்தனையோ சின்னங்கள் இருந்தன. யோகராணி இல்லை. பாலேந்திரன் வென்றான், வெடி கொளுத்தினார்கள். அடுத்த கிழமையிலிருந்து டிப்பர்கள் முன்னரைவிடக் கூடுதலாக ஓடின.

இனி நான் ஏன் அந்தக் கொப்பிக்கு முன்னால் விறைத்தேன் என்பதை எழுதவேண்டும். அதுதான் இரண்டாவது விசயம். உனக்கு இதுவரை நான் சொல்லாதது.

கடைசி யுத்தத்தில் கடல்நீரேரியைக் கடந்து நாங்கள் வெளியே வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். உனக்குப் பதினாலு வயது. அந்த வெளியில் சனத்தோடு சனமாக நாங்கள் இருந்தபோது ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயரைப் பதியவேண்டும், பதிந்தால் விசாரித்துவிட்டு விடுவோம், பதியாமல் பிறகு பிடிபட்டால் தண்டனை என்று. அப்பா போராடப் போனவர் இல்லை. கட்டாயத்தில் ஏழெட்டு மாதம் அவர்களுக்கு வாகனம் ஓட்டினவர், அவ்வளவுதான். நீ தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போயிருந்தாய். திரும்பி வந்தபோது அப்பா இல்லை. "எங்க அம்மா அப்பா?" என்று கேட்டாய். "தானாப் போய்ப் பேர் குடுத்திட்டார், நாளைக்கு வந்திடுவார்" என்று நான் சொன்னேன்.

அவர் தானாகப் போகவில்லை ராசா. "வேண்டாம், பேசாமல் சனத்தோட போயிடுவம்" என்றுதான் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான்தான் விடவில்லை. "ஆராவது காட்டிக் குடுத்தா பிள்ளையையும் சேர்த்துப் பிடிப்பாங்கள். போய்ப் பேரைக் குடுங்கோ. நீங்கள் ஒரு குற்றமும் செய்யேல்லைத்தானே" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். மேசையில் குனிந்து எழுதியதை நான் தூரத்திலிருந்து கண்டேன். அங்கேயும் ஒரு கொப்பி. எழுதி முடித்ததும் பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னல் பக்கம் இடம் கிடைத்திருந்தால் கை காட்டியிருப்பார். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு, திரும்பி வராத அவரைத் தேடி எத்தனை விசாரணைகளுக்கு நீயும் நானும் போயிருப்போம். ஒவ்வொரு இடத்திலும் நீ எழும்பி நின்று, "அப்பா தானாகவே போய்ப் பதிந்தவர்" என்று சொன்னாய். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். சனம் அதைத் துக்கம் என்று நினைத்தது. உனக்குக் குலுக்கலில் அமெரிக்க விசா விழுந்து நீ புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் சொல்லிவிடவேண்டும் என்று வவுனியா தாண்டும்வரை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். அங்கே போனதும் உன் பெட்டி நிறை கூடிவிட்டது. அதைத் திறந்து பனங்கிழங்கையும் மிளகாய்த்தூளையும் வெளியே எடுத்து வைப்பதிலேயே நேரம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவில்லை.

அதுதான் அந்தக் காலையில் என் கையைப் பிடித்தது. ஆனால் அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. என் பயத்தை, கட்சியில்லாதவளின் கௌரவம் என்று சரசுவுக்கு மாற்றிச் சொன்னேன். அவள் நம்பினாள்.

போன கார்த்திகையில் பெய்த மழையை நீ செய்தியில் பார்த்து எத்தனை தரம் தொலைபேசி எடுத்தாய் என்று நினைவிருக்கும். நான் பத்திரமாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் விடாமல் பெய்து வாய்க்காலும் வயலும் ஒன்றாகிப் போனது. மூன்றாம் நாள் காலையில் மதகு மொத்தமாகப் பெயர்ந்து போனது. அன்றைக்குப் பத்து மணிபோல கவிதாவுக்குப் பிரசவ நோ கண்டது. நாள் இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அம்புலன்ஸுக்கு அடித்தோம். அது வந்தது தம்பி, நேரத்துக்கு வந்தது. மதகுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மேலே சிவப்பு விளக்குச் சுழன்றுகொண்டிருந்ததை நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம். உரத்துக் கத்தினால் கேட்கும் தூரம்தான். நடுவில் தண்ணீர் மரக்குற்றிகளை உருட்டிக்கொண்டு போனது.

கவிதாவை உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்துக் கிடத்தி, மேலே மழைக்குப் படங்கைக் கட்டியிருந்தோம். ஒருமுறை இயந்திரத்தைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தார்கள். முன்சில்லு அள்ளுப்பட்டுப் போகப் பார்த்ததும் பின்னுக்கு எடுத்துவிட்டார்கள். யோகராணி நனைந்து நனைந்து வாய்க்கால் கடைசியிலிருந்து நடந்து வந்தாள். அவளும் சரசுவும் கால்மாட்டில், நான் தலைமாட்டில். அந்தப் பக்கத்திலிருந்து அம்புலன்ஸ்காரப் பெடியன் செய்யவேண்டியதைக் கத்திக் கத்திச் சொன்னான். மழைச் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. "டீச்சர், தலையை உயர்த்திப் பிடிங்க" என்று யோகராணி சொல்லச் சொல்ல நான் பிடித்தேன். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. யோகராணி சுற்றை எடுத்து, வாயைத் துடைத்து, முதுகில் தட்டி, ஊதி, என்னென்னவோ செய்து பார்த்தாள். பிள்ளை அழவில்லை. கவிதா, "ஏன் சத்தமில்லை? ஏன் ரீச்சர் சத்தமில்லை?" என்று என்னைத்தான் கேட்டாள். அவளுடைய தலை என் மடியில் இருந்தது.

தண்ணீர் வடிந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அடுத்த நாள். அவள் தப்பிவிட்டாள். அம்புலன்ஸ் நேரத்துக்கு இந்தப் பக்கம் வந்திருந்தால் பிள்ளையும் தப்பியிருக்குமா என்று பெரியாஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டேன். அவர், "சொல்ல ஏலாது" என்றார். மதகைத் திருத்தியிருந்தாலும் அந்த மழைக்கு நின்றிருக்குமா என்றும் யாராலும் சொல்லமுடியாது. யோகராணி வென்றிருந்தால் அவளை மற்றவர்கள் வேலை செய்ய விட்டிருப்பார்களா என்றும் தெரியாது. இந்தத் தெரியாதவற்றை எல்லாம் நான் ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்துப் பார்க்கிறேன். பாலேந்திரன் செத்த வீட்டுக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதான். பொய் அழுகை என்று எனக்குத் தோன்றவில்லை.

தை பிறந்து நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், சரசு நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்கள் போட்டிருந்தா நாங்களும் போட்டிருப்பம் ரீச்சர்." குரலில் கோபம் இல்லை. அடுத்த வரிசையைக் கிளறப் போய்விட்டாள்.

அன்றைக்கே யோகராணியைத் தேடிப் போனேன். இத்தனை வருடத்தில் வாய்க்கால் கடைசிக்கு நான் போனது அதுதான் இரண்டாவதோ மூன்றாவதோ தரம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை, அப்பாவை, நான் அனுப்பியதை. உனக்குச் சொல்வதற்கு முதல் அவளுக்குச் சொன்னேன், அதற்கும் என்னை மன்னிக்கவேண்டும். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்லயும் ஆள் இல்ல டீச்சர். எங்க அண்ணனும் அப்படித்தான் பேர் குடுத்துப் போனது. நீங்க வாசல்ல நின்னு, பேர் எழுத மாட்டேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, நானும் உங்களோட நின்னு கத்தியிருப்பேன். இடாப்புல பார்த்துத் துண்டு குடுங்கன்னு சண்டை பிடிச்சிருப்பேன். கேட்டிருப்பாங்களோ இல்லையோ. நீங்க கண்ணாடியை மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க." அவள் இப்போது முன்பள்ளிக்குப் போவதில்லை. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய பஸ்ஸில் போய் இருளத்தான் வருகிறாள். அடுத்த முறை கேட்பாயா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், போதும்" என்றாள்.

உன் ஊர் வேறு, உன் நாடு வேறு என்று நீ சொல்லுவாய். உண்மைதான். நீ எந்தக் கட்சியின் சீட்டை எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அங்கே நிற்கிறவர்களை எனக்குத் தெரியாது. பெயர் பதிவில் நின்றால் ஒரு தீங்கும் வராது என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படி ஒருமுறை சொல்லித்தான் உன் அப்பாவை அனுப்பினேன். தீங்கு வரலாம். ஆனால் நீ அன்றைக்குக் கதைத்தது உன் புத்தியிலிருந்து வந்ததல்ல, அது எனக்குத் தெரியும். எங்கேயும் பெயரைக் குடுக்காதே, எந்தக் கூட்டத்திலும் முன்னுக்கு நிற்காதே என்று இருபது வயதுவரை உனக்குச் சோற்றோடு ஊட்டினவள் நான். ஒரே கட்சிதான் வெல்லும் என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் யார் வெல்லப்போகிறார் என்பது இந்த முதல் தேர்தலில்தான் முடிவாகும். பிறகு வருவதில் நீ தேடுகிற ஆள் சீட்டில் இருக்கமாட்டார். நிற்கிறவர்கள் யார், உன் தெருவுக்கும் உன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் என்ன கேட்கிறார்கள் என்று பார். பயமாக இருந்தால் பயம் என்று வாய்விட்டுச் சொல். உன் மனைவியிடம் சொல், அந்த மேசையில் இருக்கிறவரிடம் சொல். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வா. கௌரவம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதே.

அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நீ உடனே பதில் சொல்லவேண்டாம். வருகிற ஞாயிறு நீ எடுக்காமல் விடலாம். அதற்கடுத்த ஞாயிறும் விடலாம். உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த மாதம் காணாமல் போனோரின் ஆட்களை மறுபடியும் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். இந்த முறை நான் தனியாகத்தான் போகிறேன். யார் அனுப்பியது என்று கேட்பார்கள். நான் என்று சொல்லப்போகிறேன்.

அம்மா